முதல் பக்கத்தில் யார் பெயர்

1

என் மகள் தாரிணி போன வாரம் பள்ளியிலிருந்து ஒரு தாளைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசைமேல் போட்டாள். வகுப்பில் ரொட்டி சுடப் போகிறார்களாம். சுடுவதற்கு முன்னால் அதைத் திட்டமாக எழுதித் தரவேண்டும். நோக்கம் என்ன, யார் யார் என்னென்ன செய்வார்கள், எந்த வாரத்தில் எது முடியும், எதெல்லாம் தப்பாகப் போகலாம். கடைசிக் கேள்விக்கு நேராக அவள் நார்வே மொழியில் ஒரு வரி எழுதியிருந்தாள். எட்டிப் படித்தேன். "அப்பா உதவிக்கு வந்துவிடலாம்" என்று இருந்தது.

நான் இருப்பது நார்வேயின் மேற்குக் கரையில், பெர்கன் என்ற ஊரில். இங்கே வருடம் முழுக்க மழை. மழை இல்லாத நாளில் ஊரே வெளியே வந்து, எங்கள் பக்கத்துத் தேர்த் திருவிழாவில் நிற்பதுபோல் நிற்கும். இந்த ஊர்ப் பல்கலைக்கழகம் ஒன்றில் ஒப்பந்த ஆய்வாளன் என்பது என் உத்தியோகம். கள்ளக்குறிச்சியில் இதைச் சொன்னால் "புரொபசரா?" என்று கேட்கிறார்கள். இல்லை என்றால் முகம் வாடிவிடுகிறது. அதனால் இப்போதெல்லாம் ஆமாம் என்றே சொல்லிவிடுகிறேன்.

உண்மையில் என் பிழைப்பு புரொபோசல் எழுதுவது. தமிழில் ஆய்வு முன்மொழிவு என்பார்கள். ஒன்றைக் கண்டுபிடிப்பதற்கு முன்பே என்ன கண்டுபிடிக்கப் போகிறோம், அது எந்த மாதம் கிடைக்கும், கிடைத்தால் உலகம் எப்படித் திருந்தும் என்று எழுதிக்கொடுத்து ஆளும் சம்பளமும் வாங்கும் வித்தை. ஒரு புரொபோசல் தேறினால் சில வருடம் ஓடும். முடியும் சமயத்தில் இன்னொன்று தேறவேண்டும். தேறாவிட்டால் "நீட்டிப்பதில்லை என முடிவு செய்யப்பட்டுள்ளது" என்று பண்பான ஒரு மின்னஞ்சல் வரும். யார் முடிவு செய்தார்கள் என்று அதில் இருக்காது. கேட்டால், அது ஒரு குழு என்பார்கள். குழுவில் இருப்பவரைப் பிடித்துக் கேட்டால், அன்றைக்கு நான் விடுப்பு என்பார்.

இந்த மாதக் கடைசியோடு என் ஒப்பந்தம் முடிகிறது. ரொட்டித் தாளைப் பார்த்ததும் போன வருடம் நாங்கள் எழுதிய மலை புரொபோசல் நினைவுக்கு வந்து சிரித்தேன். "இதில் சிரிக்க என்ன இருக்கு?" என்று தாரிணி கேட்டாள், நார்வே மொழியில்தான். தமிழில் சொல்ல ஆரம்பித்தேன். பாதியில் எழுந்து போய்விட்டாள். மீதியை ஊரில் இருக்கும் உங்களுக்குச் சொல்கிறேன்.

2

நான் பிறந்தது தியாகதுருகத்துக்குப் பக்கத்தில், நிலம் நீச்சு உள்ள ஒரு குடும்பத்தில். பிறந்தபோது எங்கள் மாவட்டம் தென்னாற்காடு. பாஸ்போர்ட் எடுத்தபோது விழுப்புரம். இப்போது கள்ளக்குறிச்சி. இங்கே குடிவரவு அலுவலகத்தில் மூன்று சான்றிதழ்களையும் பார்த்த பெண், "உங்கள் குடும்பம் ஏன் இத்தனை தடவை இடம் மாறியது?" என்று பரிவோடு கேட்டாள். நாங்கள் நகரவே இல்லை, மாவட்டம்தான் எங்களைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது என்று விளக்கினேன். அகதி என்று ஒரு கட்டம் இருந்தது, அதில் டிக் செய்துவிட்டாள். அதை அழிக்க ஒரு வருடம் ஆயிற்று.

இந்த அழகில் இருந்தவனுக்கு ஒரு நாள் சின்னப்பொண்ணுவிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. முனைவர் சின்னப்பொண்ணு. கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்கும் மேலே, ஜீப் மட்டும் போகிற ஒரு ஊரில் பிறந்தவர். அந்த ஊரில் முதல் முனைவர் பட்டம். கள்ளக்குறிச்சிக்கு வெளியே உள்ள ஒரு தனியார் கல்லூரியில் கௌரவ விரிவுரையாளர். கௌரவம் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பாடம் நடத்திய மணிக்குத்தான் சம்பளம். மே மாதம் கல்லூரி மூடினால் இவர் வீட்டு அடுப்பும் கொஞ்சம் மூடும்.

அவர் எழுதியது நாலே வரி. மலையில் சாமை விதைத்த காடுகளில் இப்போது மரவள்ளிதான் நிற்கிறது. ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலைக்காரன் லாரியோடு வந்து வாங்கிக்கொண்டு போகிறான். சாமையை விடலாம், மரவள்ளி போடலாம் என்று ஒவ்வொரு வீட்டிலும் முடிவெடுத்தது யார்? ஆணா, பெண்ணா, கடன் கொடுத்தவனா? அதைக் கேட்டு எழுதவேண்டும், இதற்கு வெளிநாட்டில் வழி இருக்கிறதா சார் என்று கேட்டிருந்தார்.

அந்தக் கேள்வியைப் படித்ததும் எனக்குப் பொறாமையாக இருந்தது. இத்தனை வருடமாக நான் எழுதிய எந்தப் புரொபோசலிலும் இப்படி ஒரு கேள்வி இல்லை. எனக்கு மலை என்றால், கச்சிராயபாளையம் வழியாக இறங்கி வரும் பஸ்ஸின் கூரைமேல் கடுக்காய் மூட்டையும், அறுவடைக்கு எங்கள் வயலுக்கு வரும் கூலியாட்களும்தான். அவர்கள் வீட்டில் யார் எதை முடிவு செய்கிறார்கள் என்று எங்கள் வீட்டில் ஒருத்தரும் நினைத்துப் பார்த்ததில்லை. காலையில் வந்தார்களா என்று மட்டும் பார்ப்போம்.

போனில் பேசினேன். "நீங்கதான் இதுக்கு இங்கிருந்து முதல் ஆளா இருக்கணும்" என்றேன்.

"இருந்தா மூனு வருசத்துக்கு ஆய்வாளர்னு போஸ்டிங் குடுப்பாங்களாமே, நெசமா சார்?" என்றார். "நான் இந்த வயசுலயும் பீரியட் எண்ணிக்கினு கெடக்கறேன். அந்தப் பேரு கெடைச்சா போதும் சார். மத்ததெல்லாம் நான் பாத்துக்கறேன்."

பெயர் இருந்தால் மூன்று வருடம் ஆய்வாளர். இல்லாவிட்டால் பழையபடி பீரியட் எண்ண வேண்டியதுதான். விஷயம் இவ்வளவுதான்.

3

பெர்கனில் எங்கள் குழுவுக்குத் தலைவி இங்க்ரிட். நல்லவர். எல்லோரும் சமம் என்பதில் கண்டிப்பானவர். அதனால் எல்லோரும் அவரை இங்க்ரிட் என்றுதான் கூப்பிடவேண்டும். நான் இன்னமும் வாக்கியத்தை வளைத்து நெளித்துப் பெயரே வராமல் பேசித் தப்பித்துக்கொண்டிருக்கிறேன். கேள்வியை அவரிடம் காட்டினேன். "அற்புதம்" என்றார். பிறகு அதைக் கொல்லும் வேலை தொடங்கியது.

ஒரு புரொபோசலை இங்கே கட்டுவது எப்படி என்றால், முதலில் சுவர் முழுக்க மஞ்சள் சீட்டு ஒட்டுவார்கள். ஒவ்வொரு சீட்டிலும் ஒரு வார்த்தை. காலநிலை, மீள்திறன், பாலினம், எதிர்காலம். பிறகு எல்லோரும் கைகட்டி நின்று சுவரைப் பார்ப்பார்கள். பார்த்து முடித்ததும் வேலையைப் பொட்டலம் பொட்டலமாகப் பிரிப்பார்கள். முதல் பொட்டலம் மேலாண்மை. இரண்டாவது, மேலாண்மையை மேற்பார்வை பார்ப்பது. மூன்றாவது களப்பணி. நாலாவது, நடந்ததை உலகத்துக்குச் சொல்வது. மலையும் சாமையும் மூன்றாவது பொட்டலத்தில் ஒரு மூலையில் இருந்தன. மொழிபெயர்ப்பு, தொடர்பு என்று என்னையும் அதிலேயே போட்டுக் கட்டினார்கள்.

அடுத்தது காலஅட்டவணை. வண்ணப் பட்டைகளாக ஒரு படம் வரைந்து, எந்த மாதத்தில் என்ன நடக்கும் என்று காட்டவேண்டும். நார்வேக்காரர்கள் ஜூலையில் மனிதர்கள் கண்ணில் படமாட்டார்கள். மரவீடு, ஏரி, தூண்டில். நாடே பூட்டிக் கிடக்கும். கள்ளக்குறிச்சியில் கல்லூரி முதல்வர் ஆடி மாதத்தில் புதிதாக எதிலும் கையெழுத்துப் போடமாட்டார். இரண்டையும் சேர்த்தால் ஒன்றரை மாதம் ஓட்டை. "ஆடி என்பது என்ன, தேசிய விடுமுறையா?" என்று இங்க்ரிட் கேட்டார். "உங்கள் ஜூலை மாதிரிதான். நாங்கள் மட்டும் காரணத்தைச் சாமிமேல் போடுவோம்" என்றேன். பண்பாட்டு உணர்வு என்று ஒரு சீட்டில் எழுதிச் சுவரில் ஒட்டினார்.

அப்புறம் ஆபத்துகள் என்று ஒரு பகுதி. என்னென்ன கெட்டது நடக்கலாம் என்று நாமே எழுதவேண்டும். இதற்குக் கல்லூரிப் பக்கத்திலிருந்து பதில் வாங்கப் பட்ட பாடு கொஞ்சமில்லை. "ஆரம்பிக்கும்போதே அபசகுனமா எழுதச் சொல்றீங்களே சார், விளங்குமா?" என்று கேட்டார் துறைத் தலைவர். அவர் பக்கத்திலிருந்து அந்தக் கட்டத்தில் வந்தது ஒரே சொல். இல்லை.

4

அந்தத் துறைத் தலைவர், டாக்டர் வேலாயுதம். கல்லூரி சார்பாக அவர்தான் பேசவேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. மேலிடம் என்றால் யார் என்று கேட்டேன். "மேனேஜ்மென்ட் சார்" என்றார். மேனேஜ்மென்ட்டில் யார் என்றேன். "மேலிடம் சார்" என்றார். பெர்கனில் குழு, கள்ளக்குறிச்சியில் மேலிடம். நான் நடுவில்.

முதல் பக்கத்தில் இந்தியப் பக்கத்து ஆய்வாளரின் பெயரைப் போட்டு அனுப்புங்கள் என்று கேட்டிருந்தோம். நாலு நாளில் வந்தது. நம் கல்லூரிகளில் கருத்தரங்குக்கு அழைப்பிதழ் அடிப்பார்களே, அப்படியே இருந்தது. நடுவில் கல்லூரிச் சின்னம். அதன் கீழே தலைமைப் புரவலர், புரவலர், இணைப் புரவலர், ஆலோசகர், ஒருங்கிணைப்பாளர். அத்தனை பேருக்கும் வட்டமான போட்டோ. தாளாளர், தாளாளரின் மனைவி, மகன், மகனின் மனைவி, மகள், முதல்வர், துணை முதல்வர், கடைசியாக ஒருங்கிணைப்பாளர் டாக்டர் வேலாயுதம். எட்டுப் பெயர். பக்கத்தின் அடியில் போட்டோ இல்லாமல், களப்பணி உதவி: சின்னப்பொண்ணு. முனைவரைக் காணோம். அதற்கும் கீழே ஜீப் டிரைவரின் பெயர்.

வேலாயுதத்தைக் கூப்பிட்டேன். "சார், கேள்வியே அந்தம்மாவோடது."

"இருக்கட்டும் சார், யாரு இல்லன்னா? ஆனா கெஸ்ட் லெக்சரர் பேர முன்னாடி போட்டா பர்மனென்ட் ஸ்டாஃப் சும்மா இருப்பாங்களா? தாளாளர் வூட்டுப் பேரு ஒன்னு வுட்டுப்போனாலும் என் வேலைக்கே ஆப்பு. நீங்க அங்க சொகுசா குந்திக்கினு சொல்லிடுவீங்க."

அவர் கெட்டவர் இல்லை. கல்யாணப் பத்திரிகையில் ஒரு பெரியப்பா பெயர் விட்டுப்போனதற்காகத் தலைமுறைக்கும் பேச்சை நிறுத்திய குடும்பங்கள் எங்கள் பக்கம் நிறைய. அந்தப் பயத்தில் வளர்ந்த மனிதர்.

இங்க்ரிட்டிடம் முறையிட்டேன். சமத்துவத்தின் தலைவி, விடமாட்டார் என்று நம்பிக்கை. அவர் எட்டு வட்டங்களையும் பார்த்துக் கண்கலங்காத குறைதான். "எவ்வளவு வலுவான நிறுவன ஆதரவு! மதிப்பீட்டில் இதற்கே தனி மதிப்பெண் உண்டு" என்றார். சின்னப்பொண்ணு என்ன ஆவார் என்றேன். "அவர் உள்ளூர்த் தோழமை. மிக முக்கியமானவர். ஆனால் பொறுப்புகளைக் கூட்டாளி நிறுவனம்தான் முடிவு செய்யவேண்டும், நாம் தலையிடுவது காலனிய மனப்பான்மை" என்றார். ஒருத்தர் சாதி, பதவி பார்த்துத் தள்ளுகிறார். இன்னொருத்தர் கொள்கை பார்த்துத் தள்ளுகிறார். தள்ளப்படுகிறவருக்கு இரண்டும் ஒன்றுதான்.

சின்னப்பொண்ணுவிடம் சொல்லித்தானே ஆகவேண்டும். சொன்னேன்.

"ஜீப் டிரைவருக்கு மேலதானே போட்டிருக்காங்க? பரவால்ல" என்றார். பிறகு, "சார், அதுல எத்திக்ஸ்னு ஒரு பக்கம் இருக்குதே, ஊரு சனங்ககிட்ட முன்னாடியே சம்மதம் வாங்கறது. அத மட்டும் என்கிட்ட குடுங்க" என்றார்.

அந்தப் பக்கத்தை யாரும் விரும்புவதில்லை. சந்தோஷமாகக் கொடுத்துவிட்டார்கள்.

5

வேலாயுதத்துக்குச் சம்மதம் என்றால் கையெழுத்து. மாணவர்களை அனுப்பி ஒரு பக்கம் நிறைய வாங்கிவிடலாம் என்றார். ஆனால் இங்குள்ள அறநெறிக் குழு ஒத்துக்கொள்ளவில்லை. ஊர் கூடி, கேள்வி கேட்டு, பதில் வாங்கி, பிறகு சம்மதிக்கவேண்டும். அதை முழுசாகப் பதிவு செய்து புரொபோசலோடு இணைக்கவேண்டும். ஊர் கூடுவது ஞாயிற்றுக்கிழமைதான் என்று சின்னப்பொண்ணு சொல்லிவிட்டார். ஞாயிறு வேலை செய்வது இங்க்ரிட்டுக்குப் பாவம் மாதிரி. ஆனாலும் மலைமேல் உள்ள தன் மரவீட்டிலிருந்து, கம்பளிச் சட்டையோடு வீடியோவில் வந்தார். நான் எங்கள் வீட்டுக் கூடத்தில். பக்கத்து சோபாவில் தாரிணி, காதில் இயர்போன்.

அந்த ஊரில் ஒரு வழக்கம் இருக்கிறது. எனக்கு அன்றைக்குத் தெரியாது. உங்களுக்கு முன்பே சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் நடந்தது விளங்கும். கூட்டம் நடக்கும் புளியமரத்தடியில் தட்டையாக ஒரு கல் கிடக்கிறது. ஊருக்குள் புதிதாக ஒரு காரியம் வந்தால், அது பெண் கேட்டு வந்ததோ, கிணறு வெட்ட வந்ததோ, அதற்கு ஒரு ஆள் அந்தக் கல்லில் உட்காரவேண்டும். மற்றவர்கள் எல்லாம் தரையில். கல்லில் உட்கார்ந்தவரை யாரும் எதையும் கேட்கலாம். கேட்டுத் தீரும்வரை அவர் எழுந்திருக்கக் கூடாது. கூட்டம் கலைந்த பிறகும், அந்தக் காரியம் முடியும் மட்டும் நல்லதுக்கும் கெட்டதுக்கும் அவர்தான் ஆள். அதனால் அந்தக் கல்லில் யாரும் ஆசைப்பட்டு உட்காருவதில்லை.

வேலாயுதம் ஜீப்பிலிருந்து இறங்கினார். மலைப்பாதை வளைவுகள் அவர் முகத்தில் தெரிந்தன. கையில் ஊர்த் தலைவரான ஊர்க் கவுண்டருக்குப் போர்த்த ஒரு சால்வை. பின்னால் டிரைவர் தோளில், அந்த முதல் பக்கத்தையே பெரிதாக அடித்துச் சுருட்டிய ஃபிளெக்ஸ் பேனர். அதைப் புளியமரத்தில் கட்டினார்கள். எட்டு வட்டங்களும் மலைக்காற்றில் ஆடின. சால்வை போர்த்தி முடிந்ததும் சுற்றிலும் பார்த்தார். எல்லோரும் தரையில் உட்கார்ந்திருக்கிறார்கள். எதிரில், நடுநாயகமாக, உயரமாக ஒரே ஒரு இருக்கை காலியாக இருக்கிறது. வாழ்நாளெல்லாம் மேடையில் உட்கார்ந்த மனிதர் வேறென்ன செய்வார்? கைக்குட்டையால் தூசியைத் தட்டிவிட்டுப் போய் உட்கார்ந்துவிட்டார்.

போனைப் பிடித்துக்கொண்டிருந்தது சின்னப்பொண்ணு. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

ஊர்க் கவுண்டர் நெடுநெடுவென்று ஒல்லியான மனிதர். தொண்டையைச் செருமினார். "சாரு தானாவே குந்திக்கினாரு. கேக்கறவங்க கேளுங்க."

முன்வரிசையிலிருந்து குப்பாயி என்ற பெண் எழுந்தார். "போன தபா வந்தவங்க எங்க வூட்டு சாமை வெதைய மூட்டையா வாங்கினு போனாங்க. சோதன பண்ணிட்டுத் தரேன்னாங்க. வெத எங்க?"

"அது வேற காலேஜும்மா."

"வேற காலேஜோ இன்னாவோ. கல்லு மேல குந்தினது நீதான சாரு?"

வேலாயுதம் சிரித்தார். ஊரில் யாரும் சிரிக்கவில்லை. இன்னொருவர் கேட்டார், "மரவள்ளி போட்டது தப்புன்னு எழுதுவீங்களா, சரின்னு எழுதுவீங்களா?"

"அதுக்குத்தாங்க ஆய்வே..."

"எழுதிட்டுப் பூடுவீங்க. அத்த படிச்சிட்டு ஆலைக்காரன் வெலய கம்மி பண்ணா யாரு வந்து கேக்கறது?"

"மேனேஜ்மென்ட்ல சொல்லி ஆவன செய்வோம்."

"அவுரு இங்க குந்தியிருக்காரா?" என்றார் ஊர்க் கவுண்டர்.

இங்க்ரிட் திரையில் தலையைச் சாய்த்து, "அவர் என்ன சொல்கிறார்?" என்று கேட்டார். "நிறுவன ஆதரவைப் பற்றி விளக்கிக்கொண்டிருக்கிறார்" என்று மொழிபெயர்த்தேன். தாரிணி காதிலிருந்து ஒரு இயர்போனை எடுத்தாள்.

கேள்விகள் நிற்கவில்லை. எங்கள் பேர் வெளியே வருமா, போட்டோ எடுத்தால் எங்கே போடுவீர்கள், புருஷன் வாங்கின கடனைப் பற்றிப் பொண்டாட்டி சொல்லிவிட்டால் அன்றைக்கு ராத்திரி வீட்டில் யார் வந்து காவல் இருப்பார்கள். கடைசிக் கேள்வியைக் கேட்டதும் குப்பாயிதான். அந்தக் கேள்விக்கு எங்கள் பல்கலைக்கழகத்தின் அறநெறிக் கையேட்டில்கூடப் பதில் கிடையாது. வேலாயுதத்தின் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. எழுந்திருக்கப் பார்த்தார். "இருங்க சாரு, பேச்சு முடியல" என்றார் ஊர்க் கவுண்டர். "மூனு வருசம்னு சொல்றீங்க. மாசா மாசம் வந்து இந்தக் கல்லுல குந்தி, இன்னா எழுதினோம்னு ஊருக்குச் சொல்லணும். ஒத்துக்கினா நாங்களும் ஒத்துக்கறோம்."

"மாசா மாசமா? எனக்கு முட்டி வலிங்க. வளைவுல வாந்தி வேற வருது." அவர் குரல் இறங்கிவிட்டது. திரும்பிச் சின்னப்பொண்ணுவைப் பார்த்தார். "ஏம்மா, நீ வந்து உக்காரும்மா. உங்க ஊருதானே?"

போன் ஆடவில்லை. சின்னப்பொண்ணுவின் குரல் மட்டும் கேட்டது. "நான் களப்பணி உதவி சார். ஜீப்புக்குச் சொல்றவ. அதுல குந்தறதுக்கு எனக்குப் பேரு இல்லியே."

"யாரும்மா சொன்னது பேரு இல்லன்னு?"

"பேனர் சொல்லுது சார்."

ஊரே திரும்பிப் பேனரைப் பார்த்தது. படிக்கத் தெரிந்தவர்கள் மேலிருந்து கீழே விரலை ஓட்டினார்கள். விரல் அடியில் போய் நின்றபோது ஒரு முணுமுணுப்பு எழுந்தது.

வேலாயுதம் போனைப் பார்த்து, கையெடுத்துக் கும்பிடாத குறையாகச் சத்தமாகச் சொன்னார். "இந்த புராஜெக்ட்டுக்கு இங்கிருந்து முழுப் பொறுப்பும் முனைவர் சின்னப்பொண்ணுதான். அவங்கதான் ஆய்வாளர். போதுமா? எழுந்திருக்கட்டுமா?"

"அவ வரட்டும். அப்புறம் நீங்க எழுந்திரிங்க" என்றார் ஊர்க் கவுண்டர்.

சின்னப்பொண்ணு போனைப் புளியமரத்துக் கவட்டையில் செருகிவிட்டு வந்து உட்கார்ந்தார். சொந்த ஊர்க்காரி என்று யாரும் இரக்கம் காட்டவில்லை. வேலாயுதத்தைக் கேட்டதைவிடக் கடுமையாகக் கேட்டார்கள். "நீயே கீழ போயி வூடு கட்டிக்கினவ. எங்க வூட்டுச் சங்கதி உனக்கு எதுக்கு?" என்றார் குப்பாயி. "நான் போனதுக்கும் சேத்துதான் கேக்க வந்திருக்கேன்க்கா" என்றார் இவர். தெரியாததைத் தெரியாது என்றார். கடனைப் பற்றிய இரண்டு கேள்விகளை அடித்துவிடு என்று ஊர் சொன்னது. அங்கேயே அடித்தார். மாதம் ஒரு தடவை வருவேன் என்றார். வராவிட்டால் என்ன என்று கேட்டார்கள். "எங்கம்மா இங்கதானே இருக்கு, அவங்ககிட்ட போயி கேளுங்க" என்றார். அப்போதுதான் ஊர் சிரித்தது.

"அப்பா, அவங்க யாரு?" என்று தாரிணி கேட்டாள். தமிழில் கேட்டாள்.

6

பதிவைப் பார்த்த அறநெறிக் குழு, பொறுப்பேற்றவர் பெயரும் முதல் பக்கத்துப் பெயரும் ஒன்றாக இருக்கவேண்டும் என்று எழுதியது. எட்டு வட்டங்களும் இறங்கின. முதல் பக்கத்தில் இரண்டே பெயர், இங்க்ரிட், சின்னப்பொண்ணு. சுவரில் இருந்த மஞ்சள் சீட்டுகளில் பாதியைச் சின்னப்பொண்ணு வீடியோவில் பார்த்தே கழற்றச் சொன்னார். இங்க்ரிட்டும் கழற்றினார். சாமையும் மரவள்ளியும் மூன்றாவது பொட்டலத்திலிருந்து முதல் பத்திக்கு வந்தன. புரொபோசல் தேறியது. வேலாயுதத்துக்கும் நஷ்டமில்லை. கல்லூரி ஆண்டு மலரில் அவர் கல்லில் உட்கார்ந்திருக்கும் படம் முழுப் பக்கத்துக்கு வந்தது. மலைவாழ் மக்களின் குறைகளைக் கேட்டறியும் துறைத் தலைவர் என்று போட்டிருந்தார்கள்.

நான் வெற்றிப் பெருமையில் மிதந்தேன். பார்ப்பவர்களிடமெல்லாம் சொன்னேன். எங்கள் மலைப் பெண், என் யோசனை, என் மொழிபெயர்ப்பு என்று. நானும் அந்தக் களப்பணிப் பொட்டலத்தில்தானே இருக்கிறேன், இன்னும் மூன்று வருடம் கவலையில்லை என்று வீட்டுக்கு ஒரு புது சோபாகூடப் பார்த்து வைத்தேன்.

ஒப்புதலோடு ஒரு நிபந்தனை வந்தது. களப்பணியில் ஒரு ஆளைக் குறைக்கவேண்டும். யாரை என்பதை அந்தப் பகுதியின் பொறுப்பாளர் முடிவு செய்யலாம். இரண்டு வாரம் கழித்து வந்த மின்னஞ்சலில், தொடர்பு மற்றும் மொழிபெயர்ப்புப் பணியிடம் நீக்கப்பட்டிருப்பதாக இருந்தது. அது நான்.

தாங்க முடியவில்லை என்றே சொல்லவேண்டும். யாருக்காக அத்தனை பேரிடம் மல்லுக்கு நின்றேனோ அவருடைய திட்டத்தில் எனக்கு இடமில்லை. இங்க்ரிட்டைக் கேட்டேன். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, இது ஒரு கட்டமைப்பு சார்ந்த விளைவு, வருந்துகிறோம் என்றார். வேலாயுதம் தானே கூப்பிட்டு ஆறுதல் சொன்னார். "மேலிடத்துல ஏதோ நடந்திருக்கு சார். நமக்கெதுக்கு வம்பு?" தாரிணி, இன்னொரு வேலை தேடுங்கள் என்று நார்வே மொழியில் சொல்லிவிட்டு ரொட்டித் திட்டத்தைத் திருத்தப் போய்விட்டாள்.

நேற்று சின்னப்பொண்ணு கூப்பிட்டார். பின்னால் காற்றுச் சத்தம். மலையில் இருந்தார். இந்த மாதத்துக் கூட்டம் அப்போதுதான் முடிந்ததாம். எப்படி இருக்கீங்க சார் என்றார். நன்றாக இருக்கிறேன் என்றேன். மழை எப்படி என்றார். பெய்கிறது என்றேன்.

"கோவமா இருக்கீங்க."

"அதெல்லாம் ஒன்னுமில்லம்மா. முடிவு செஞ்சிட்டாங்க, அவ்வளவுதான்."

"யாரு செஞ்சாங்க?"

"குழுதான்" என்றேன்.

"குழுவும் இல்ல, மேலிடமும் இல்ல சார். இங்க்ரிட் உங்களை வச்சிக்கலாம்னுதான் சொன்னாங்க. ஒன்னு நீங்க, இல்லன்னா ஊர்ல வூடு வூடாப் போயி பொம்பளைங்ககிட்ட பேசறதுக்கு ஒரு பொண்ணு. இங்கயே இருக்கற ஆளு வேணும் எனக்கு. உங்க பேர அடிச்சது நான்தான் சார். ஊர்லயும் சொல்லிட்டேன், இப்ப உங்ககிட்டயும் சொல்றேன். கேக்கறதுன்னா கேளுங்க. நீங்க கேட்டு முடிக்கற வரைக்கும் போன வைக்கமாட்டேன்."